மங்குஸ்தான் கணக்கு

காலையிலிருந்து தொண்ணூற்று நாலு மீட்டர்.
அதில் பதினொன்று பூட்டிய வீடு.
ஒன்றில் நாய்.
ஒன்றில் எட்டா ஆறா தெரியாத கண்ணாடிக்குப் பின்னால்
பல்லி முட்டை.
கீழப்புலியூர்த் தெருக்களில்
எண்களை வாசித்து வாசித்து
கண்ணை மூடினாலும்
அந்தச் சிவப்புப் பொட்டு மின்னிக்கொண்டிருந்தது.

தென்காசி மார்க்கெட் வாசலில்
மைதீன் பிச்சை சாக்கு விரித்திருந்தார்.
ஆனிச் சாரல்.
குடை விரித்தால் சிரிப்பார்கள்,
விரிக்காவிட்டால் ராத்திரி தும்மல்.
சாக்கின் மேல் மங்குஸ்தான்,
கறுத்த ஊதா உருண்டைகள்,
ஒவ்வொன்றுக்கும் தடித்த பச்சைத் தொப்பி.
ஒன்றில் ஒரு எறும்பு
மரத்தைத் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தது.

"கிலோ எவ்வளவு?"
"முந்நூறு."
"போன வாரம் இருநூத்தம்பது சொன்னீரு."
"போன வாரம் குரங்கு எறங்கலயே."

அவர் வீட்டு மீட்டரும் என் கணக்கில்தான்.
அதை நினைத்துக்கொண்டு பேரம் பேசினால்
அது வேறு பேரம் ஆகிவிடும்.
அரைக் கிலோ போடச் சொன்னேன்.

தராசில் வைக்குமுன்
ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார்.
அடியில் சின்னப் பூவொன்றை
அச்சுக் குத்தியது போல இதழ்கள்.
"எண்ணுங்க மேடம்."
ஆறு.
"உள்ள சுளையும் ஆறு. இல்லன்னா காசு வேண்டாம்."
உள்ளங்கை இரண்டுக்கும் நடுவே
ஒரு அமுக்கு, ஒரு திருகு.
தோடு பிளந்தது.
சுற்றிலும் ரத்தச் சிவப்பு, நடுவில்
உரித்த பூண்டு போல் வெள்ளை.
எண்ணினேன். ஆறு.

பதினாறு வருஷமாக
கதவு கதவாகத் தட்டுகிறவள் நான்.
திறக்காமலே உள்ளிருப்பதைச் சொல்லும்
ஒரு மீட்டரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திருநெல்வேலி பஸ்ஸில் சன்னல் ஓரம்.
பாவூர்ச்சத்திரம் வருமுன் மூன்று காலி.
ஐந்து என்றது, ஐந்து.
ஏழு என்றது, ஏழு,
அதில் ஒரு சுளை மட்டும் பெருத்து
கொட்டையோடு, குடும்பத்தில் மூத்தது மாதிரி.
இனிப்பு என்று சொல்லும்போதே
புளிப்பு வந்து திருத்துகிறது.
சரி புளிப்பு என்றால்
அதற்குள் நாக்கில் எதுவும் இல்லை,
அடுத்ததை எடுக்க வேண்டியதுதான்.

பக்கத்தில் சின்ன வெங்காயச் சிப்பத்தைக்
காலிடுக்கில் வைத்திருந்தவர்
எட்டிப் பார்த்தார். ஒன்றைக் கொடுத்தேன்.
"அடியில எண்ணிட்டுத் தின்னும்."
சத்தமாக எண்ணினார், ஆறு.
திருகத் தெரியாமல் பல்லால் கடித்து
தோட்டின் கசப்பில் முகம் சுழித்து
ஒரு வழியாகப் பிளந்தார்.
சுளை ஆறுதான். ஆனால் இரண்டு
மஞ்சள் பால் கட்டி, கண்ணாடி மாதிரி.
அவர் என்னைப் பார்த்தார்.
என்னத்தைச் சொல்ல.
ரீடிங் சரி என்றேன்.
நல்ல நாலையும் தின்றுவிட்டு
ஒரு கை வெங்காயத்தை என் பையில் போட்டார்.

ஆலங்குளம் தாண்டியதும் காற்றாலைகள்
மேல்காத்தில் வெறிபிடித்துச் சுற்றின.
எல்லாம் யூனிட், யூனிட்.
அதையும் யாரோ ஒருத்தி எண்ணுவாள்.

பேட்டையில் இறங்கும்போது பையில் இரண்டு.
வீட்டில் ஜெர்லின், அவள் அப்பா, நான்.
கம்பத்து விளக்கடியில் நின்று
ஒன்றைத் தின்றேன்.
மிச்சம் ஒன்று. எட்டுச் சுளை.
ஆளுக்கு நாலு என்று கொடுத்துவிட்டு
"எனக்கு வேண்டாம், பல் கூசுது" என்றேன்.
என் துப்பட்டாவைப் பார்த்தபடியே
ஜெர்லின் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கறை போகாது.
சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய்,
எதற்கும் அசையவில்லை.
மறுநாள், பூட்டியிருந்த பதினொன்றில்
ஒன்று திறந்திருந்தது.
வெள்ளை அட்டையை நீட்டிய பெண்
கதவைப் பாதி பிடித்துக்கொண்டு
என் பெருவிரலையே பார்த்தாள்.
"எலெக்‌ஷன் எதுவும் நடக்கலையே?"
ஆயிரத்து எழுநூற்று இரண்டு என்று எழுதினேன்.
"மங்குஸ்தான்" என்றேன்.
கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது.
"கிலோ என்ன வெல?"